யூரியா குடித்த செவ்வந்தி வேர் விடவில்லை

நானுஓயா அக்கா:
வேர் விடட்டும் என்று தட்டில் செருகிய செவ்வந்தித் தண்டுத் துண்டுகளில் ஒன்றை 18ஆம் நாள் மெல்ல இழுத்தேன். பிடிப்பே இல்லாமல் கையோடு வந்துவிட்டது. அடி கறுத்து வழவழவென்று இருந்தது, தலை மட்டும் கரும்பச்சையாய்த் தளதளத்தது. 150 துண்டும் அப்படித்தான். தும்புத்தூளும் மணலும் புதியவை, கத்தியும் சுத்தம். துண்டு வெட்டுவதற்கு முன், அதைத் தரும் தாய்ச்செடி கொழுக்கட்டும் என்று இரண்டு முறை யூரியா கரைத்து ஊற்றியிருந்தேன். பசளையே காணாத வேலியோரச் செடியில் ஒடித்து, அதே தட்டின் மூலையில் செருகிய ஆறு துண்டும் வேர் விட்டிருந்தன. அதுதான் மனதை விட்டுப் போகவில்லை.

வெலிமடைத் தம்பி:
அக்கா, யூரியாமேல் மட்டும் பழி போடாதீர்கள். உங்கள் ஊர் மூடுபனியில் தட்டு காயவே காயாது, அழுகல் வரத்தான் செய்யும். 2021இல் இலங்கையில் இரசாயனப் பசளைக்குத் தடை வந்தபோது எங்கள் கார்னேஷன் தாய்ச்செடிகள் வெளிறிவிட்டன. துண்டுகள் வேர் விட்டன, ஆனால் நாற்று எழும்பவில்லை. நடுகிற அன்று அம்மா ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் கீழே வைத்தார். பட்டினி போட்டால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

ஹட்டன் பெரியவர்:
தம்பி, அதே தட்டில், அதே ஈரத்தில் ஆறு துண்டு பிழைத்ததே, அதற்கு என்ன சொல்கிறீர்கள்? நான் தேயிலை நாற்றுமேடையில் வேலை செய்தவன். வேர் வருமுன்பே ஒருமுறை பசளை கரைத்து ஊற்றி, ஒரு பாத்தி முழுவதும் அடி கருகியதைப் பார்த்திருக்கிறேன்.

வெட்டிய துண்டுக்கு வேர் வரும்வரை தண்டில் சேர்ந்திருக்கும் மாச்சத்துத்தான் பெரிய ஆதாரம். யூரியா தரும் நைதரசன் மிஞ்சினால் செடி அந்த மாச்சத்தை இலையும் தண்டுமாக வளர்த்தே செலவழித்துவிடும். தண்டு மென்மையாகி, அழுகலும் எளிதில் பிடிக்கும். ஆகவே தாய்ச்செடிக்குப் பொட்டாசியமும் சேர்ந்த சமச்சீர்ப் பசளையை அளவாகக் கொடுங்கள். வெட்டப்போகும் சமயத்தில் யூரியா வேண்டாம். நாகச்சத்து (துத்தநாகம்) குறைந்தால் வேரைத் தூண்டும் ஆக்சின் என்ற ஹார்மோனும் குறையும். போரன் என்ற நுண்சத்தும் தேவை, ஆனால் துளி கூடினாலும் நஞ்சு. நுனியை வளைத்துப் பாருங்கள்: வளைந்துகொண்டே போனால் விட்டுவிடுங்கள், ஒடிந்தால் எடுங்கள். தட்டில் வேர் தெரிந்த பிறகே பசளை, அதுவும் மிக ஐதாக. ஹைட்ரேஞ்சியா பூச்செடிக்கும் இதே முறைதான், ஆனால் பூத்த கிளையை எடுக்காதீர்கள்.

நானுஓயா அக்கா:
ஐயா, இன்று காலை வேலியோரச் செடியில் நுனியை வளைத்துப் பார்த்தேன். படக்கென்று ஒடிந்தது. யூரியா ஊற்றிய செடியின் நுனியோ விரலைச் சுற்றிக்கொண்டு வந்தது.