திரள்துறை: 'ஸ்டேஜிங் சைட்' என்பதற்கு ஒரு சொல்

பறவைகளின் வலசை (பருவந்தோறும் இடம்பெயர்தல்) பற்றி எழுதும்போது 'ஸ்டாப்ஓவர்', 'ஸ்டேஜிங் சைட்' இரண்டையும் 'தங்குமிடம்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுகிறோம். இனியும் அப்படி எழுதக் கூடாது என்று உறுதியாக நினைக்கிறேன். நீர்ப்பறவை ஆய்வில் இவை வெவ்வேறு பொருள்கள்.

வழியில் இறங்கி, ஓரிரு நாள் இளைப்பாறி, கிடைத்ததைத் தின்றுவிட்டுக் கிளம்பும் எந்த இடமும் முதல் வகை. அதற்கு 'வழித்தங்கல்' போதும். அந்த ஏரி வறண்டிருந்தால் பறவை அடுத்த ஏரிக்குப் போய்விடும். இரண்டாவது வகை அப்படிப்பட்டதன்று. அங்கே பறவைகள் பெருங்கூட்டமாகச் சேர்கின்றன. ஆண்டுதோறும் அதே பருவத்தில் இரை மலிந்து கிடக்கும் என்ற நம்பிக்கையில் வருகின்றன. அடுத்து வரும் நெடும்பறப்புக்கு வேண்டிய கொழுப்பை உடலில் ஏற்றிக்கொண்டுதான் புறப்படுகின்றன.

அமெரிக்காவின் டெலவேர் விரிகுடாவில் 'ரெட் நாட்' என்னும் உள்ளான் இனம் குதிரைலாட நண்டின் முட்டைகளைத் தின்று, இரண்டு வார அளவில் தன் எடையை ஏறத்தாழ இரட்டிப்பாக்கிக்கொள்கிறது. அங்கிருந்துதான் ஆர்க்டிக் பகுதிக்குப் பறக்கிறது. பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவையின் கதை இன்னும் வியப்பானது. 2022 அக்டோபரில் அதன் இளம்பறவை ஒன்று அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியாவரை ஏறத்தாழ 13,560 கி.மீ. தூரத்தை 11 நாளில், எங்கும் இறங்காமல் கடந்தது. கிளம்புமுன் அலாஸ்காவின் கரையோரச் சேற்றுவெளிகளில் இந்தப் பறவைகள் உடலைக் கொழுக்க வைக்கின்றன. புறப்படும் நேரத்தில் குடலும் இரைப்பையும் சுருங்கிவிடுகின்றன. இப்படியொரு இடத்தை வெறுமனே 'தங்குமிடம்' என்றால் அங்கே நடப்பதில் பாதிகூட வாசகருக்குத் தெரியாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். ஆங்கிலச் சொல்லைப் பார்த்து 'மேடை' என்று தொடங்குவது தவறு. இதற்கும் மேடைக்கும் தொடர்பில்லை. 'முகாம்' எளிய சொல்தான், ஆனால் அதில் இரையும் இல்லை, புறப்பாடும் இல்லை. 'ஆயத்தத் தளம்' படைநகர்வை நினைவூட்டுகிறது. எனக்கு மிகவும் பிடித்திருந்தது 'ஆற்றுணா'. வழிநடைக்குக் கட்டிக்கொண்டு போகும் உணவுக்கான பழஞ்சொல் அது. பழமொழி நானூற்றில் வருகிறது. உடலிலேயே கட்டுச்சோற்றைச் சுமந்து பறக்கும் உயிருக்கு இதைவிடப் பொருத்தமான சொல் ஏது? ஆனால் ஈரநிலம் பற்றிய கட்டுரையில் 'ஆற்றுணாத் தலம்' என்று எழுதினால், பத்துப் பேரில் ஒன்பது பேர் ஆற்றில் கிடைக்கும் உணவு என்றே படிப்பார்கள். மனமில்லாமல்தான் விட்டுவிட்டேன்.

என் பரிந்துரை 'திரள்துறை'. திரள்வது கூட்டமும்தான், கொழுப்பும்தான். ஆள் திரள்வதையும் வெண்ணெய் திரள்வதையும் ஒரே வினையால் சொல்லும் மொழி நம்முடையது. துறை என்பது நீர்விளிம்பில் இறங்கும் இடம், கடக்கப் புறப்படும் இடம். இறங்குதுறை, நீராடுதுறை என்பவற்றைப் போலவே இதுவும் வினைத்தொகை. 'வலசைத்துறை' என்றும் வைக்கலாமே என்று தோன்றும். ஆனால் வனத்துறை, வருவாய்த்துறை வரிசையில் அது அரசு அலுவலகமாகிவிடும். முன்னால் வினை நிற்பதால் திரள்துறைக்கு அந்த இடர் குறைவு. பழைய புணர்ச்சி விதியைக் கொண்டு எழுத்தைத் திரிக்க வேண்டியதில்லை. 'நாடோறும்' என்பதை 'நாள்தோறும்' என்று எழுதப் பழகிவிட்ட நமக்கு இது உறுத்தாது.

இந்த வேறுபாடு கணக்கெடுப்பிலும் முக்கியம். ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு ராம்சர் உடன்படிக்கையின் அளவுகோல்களுள் ஒன்று, ஒரு பறவையினத் தொகையில் 1 விழுக்காடு வழக்கமாக வந்துசேரும் ஈரநிலத்தைப் பன்னாட்டுச் சிறப்புடையதாகக் கொள்கிறது. கிழக்காசிய ஆஸ்திரலேசிய வலசைப் பாதைக் கூட்டமைப்போ திரள்துறைகளுக்கு மட்டும் 0.25 விழுக்காடே போதும் என்கிறது. காரணம் எளிது. அங்கே ஒரு கூட்டம் கிளம்பக் கிளம்ப இன்னொரு கூட்டம் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் எண்ணிக்கை அந்தப் பருவம் முழுவதும் வந்துபோனவற்றில் சிறு பகுதியைத்தான் காட்டும். இரண்டையும் 'தங்குமிடம்' என்று மொழிபெயர்த்தால் இந்த விதியைத் தமிழில் எழுதவே முடியாது.

தென்கொரியாவின் சேமாங்கும் கழிமுகம் இத்தகைய திரள்துறையாக இருந்தது. அங்கே 33 கி.மீ. நீளக் கடலணை 2006இல் முழுமையாக அடைக்கப்பட்டது. ஓதம் ஏறி இறங்கிய சேற்றுவெளி போயிற்று. அங்கே பல்லாயிரமாகக் கூடிய 'கிரேட் நாட்' உள்ளான்கள் அக்கம்பக்கத்துக் கழிமுகங்களில் அந்த எண்ணிக்கையில் தென்படவில்லை. ஆஸ்திரேலியாவில் அவை வடகோளக் குளிர்காலத்தைக் கழிக்கும் கரைகளிலும் குறைந்தன. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்று நாம் சொல்வது அங்கே அப்படியே நடந்திருக்கிறது.

கரையை நாடாத காட்டுப் பறவைகளுக்குத் 'துறை' பொருந்தாது என்ற தடை நியாயமானது. அவற்றுக்குத் 'திரளிடம்' என்று வைத்துக்கொள்ளலாம். நீர்ப்பறவைகளுக்குத் திரள்துறையே இருக்கட்டும்.