கழிவறை நாட்காட்டியில் ஒரு பெயர்

பெண்ணின் காதலை வீட்டில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சில் நானும் ஒன்று சொல்கிறேன். நெதர்லாந்தில் பிலிப்ஸ் கம்பெனி பிறந்த ஊரான ஐந்தோவனில், ஒரு டச்சுக் குடும்பத்தின் மாடி அறையில் மூன்று வருடம் வாடகைக்கு இருந்தேன். அவர்களுக்கு 19 வயதில் ஒரு மகள், காலேஜ் படிக்கிறாள். ஒரு ஞாயிறு காலை கீழே இறங்கினால், அவளுடைய காதலன் கலைந்த தலையோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வெண்ணெய் தடவிய ரொட்டியில் சாக்லேட் துருவலைத் தூவிக்கொண்டிருக்கிறான். ராத்திரி இங்கேதான் தங்கியிருக்கிறான். பெண்ணின் அப்பா அவனுக்குக் காபி ஊற்றுகிறார். எனக்குத்தான் உடம்பெல்லாம் கூசியது. அப்படியே திரும்பிப் படியேறப் பார்த்தேன்.

"உட்காரு, முட்டை ஆறிடும்" என்றார் அந்த அம்மா.

அப்புறம் ஒருநாள் அந்த அப்பாவிடம் கேட்டேவிட்டேன். "எட்டு மாசமா எங்களோட சாப்பிடுறான், அவனை எங்களுக்குத் தெரியும். எனக்குத் தெரியாத எங்கேயோ இருக்கிறதுக்கு இங்கேயே இருக்கட்டுமே" என்றார். இஷ்டத்துக்கு விட்டுவிடுகிறார்கள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அந்த ஊர் வீடுகளில் கழிவறைச் சுவரில் பிறந்தநாள் நாட்காட்டி தொங்கும், சொந்தபந்தம் பெயரெல்லாம் அதில் இருக்கும். அவன் பெயரும் ஏறியிருந்ததை அன்றைக்குத்தான் கவனித்தேன். நம் கணக்கில் கல்யாணப் பத்திரிகையில் பெயர் போட்ட மாதிரி. (டச்சுக்காரர்கள் எல்லாருமே இப்படி என்று நினைக்க வேண்டாம், கட்டுப்பாடான சர்ச் குடும்பங்களும் உண்டு.)

2012 முதல் அங்கே தொடக்கப் பள்ளியிலேயே பாலியல் கல்வி கட்டாயம். நமக்கு? நான் மதுரைப் பக்கம். வயதுக்கு வந்தபோது தெருமுனையில் என் படத்தோடு பிளக்ஸ், விடிய விடிய ரேடியோ செட், தாய்மாமா தட்டுத் தட்டாகக் கொண்டுவந்த சீர். மொய் நோட்டு நிரம்பிவிட்டது. உடம்பில் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மாவிடம் கேட்டதற்கு, "இனிமே பசங்களோட பேச்சு வச்சுக்காத" என்றதோடு சரி. பத்தாம் வகுப்பில் அந்தப் பாடம் வந்தபோது டீச்சர், "வீட்ல படிச்சுக்கங்க" என்று பக்கத்தைத் திருப்பினார்.

ஐந்தோவனில் ஒருநாள் அம்மாவோடு வீடியோ காலில் இருந்தபோது அந்தக் காதலன் எனக்குப் பின்னால் நடந்து போனான்.

"யாருடி அது?"

"வீட்டுக்காரர் பையன்மா. அந்தப் பொண்ணோட அண்ணன்."

அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"ஜாடையே இல்லையே."