மேற்கு வெயிலுக்கு மோட்டார் தடுப்பு: மன்னார்குடிக்குச் சரிப்படுமா?

மன்னை மருந்துக்கடை:
மன்னார்குடியில் கீழே மருந்துக்கடை, மேலே ரத்தப் பரிசோதனை லேப். முகப்பு மேற்குப் பார்த்தது, மாடி முழுக்கக் கண்ணாடி. மூன்று மணி தாண்டினால் ஏசி எவ்வளவு வைத்தாலும் போதவில்லை. உள்ளே திரை போட்டும் அனல் குறையவில்லை. வெயிலுக்கு ஏற்பத் தானே திறந்து மூடும் தடுப்பு போடலாம் என்று இன்ஜினியர் அபுதாபி அல் பஹர் கோபுரங்களின் வீடியோ காட்டுகிறார். நம்ம பக்கம் யாராவது போட்டிருக்கிறீர்களா?

நாகை ஃபேப்ரிகேட்டர்:
சார், திரை உள்ளே இருந்தால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்தாச்சு. திரை சூடாகி, அந்தச் சூட்டை அறைக்குள்ளேயே விடும். நிழல் கண்ணாடிக்கு வெளியே விழவேண்டும். 2012இல் முடிந்த அல் பஹரில் செய்ததும் இதுதான். ஒவ்வொரு கோபுரத்திலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மடிப்புத் தடுப்புகள், கண்ணாடியை விட்டுத் தள்ளி, வெயில் படும் பக்கம் விரியும்.

சன்ஷேடை நீட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தெற்குச் சுவருக்கு அது போதும். மேற்கில், பங்குனி மாதம் நாலு மணிக்குச் சூரியன் கிட்டத்தட்ட 35 பாகை உயரத்தில்தான் நிற்கும். இரண்டடி சன்ஷேட் ஓரடி சொச்சத்துக்குத்தான் நிழல் தரும். அதற்குக் கீழே முழுக்க வெயில்தான்.

ஆனால் மோட்டார் எதற்கு? வெயில் வந்துவிட்டது என்று சென்சார் சொல்லித்தான் தெரியவேண்டுமா? லேபில்தான் ஆள் இருக்கிறாரே. செங்குத்தான அலுமினியப் பட்டைகளை ஒரே கம்பியில் கோத்து, உள்ளிருந்தே கைப்பிடியால் திருப்பும்படி செய்யலாம். பட்டை திரும்புகிற இடத்தில் நைலான் புஷ் (உரசாமல் சுழல வைக்கும் வளையம்), எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) பின் போடுங்கள். இரும்புக் கீல் எங்கள் ஊர் உப்புக்காற்றில் படும் பாட்டை தினமும் பார்க்கிறேன். சித்திரை முதல் ஆடி வரை மாலை வெயில் வடமேற்கிலிருந்து வரும், மார்கழியில் தென்மேற்கிலிருந்து. அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம். கார்த்திகை மூட்டத்தில் முழுக்கத் திறந்துவிட்டால் பகலில் லைட் போடவேண்டியதில்லை. பட்டைக்கும் கண்ணாடிக்கும் நடுவே அரையடி இடைவெளி விட்டு, மேலும் கீழும் திறந்தே வையுங்கள். சூடான காற்று மேலே போய்விடும்.

குடந்தை கட்டடக்கலை மாணவி:
பாரிஸ் அரபு உலக நிறுவனத்தின் தெற்கு முகப்பிலும் 1987இல் ஒளிக்கேற்ப விரிந்து சுருங்கும் துளைகள் வைத்தார்கள். நாளடைவில் பல நின்றுபோயின. ஆனாலும் அண்ணா, பெரிய ஆஸ்பத்திரி அளவுக்குக் கைப்பிடி சரிவராது. யாரும் ஞாபகமாகத் திருப்ப மாட்டார்கள்.

நாகை ஃபேப்ரிகேட்டர்:
சரிதாம்மா. நான் ஒரு மாடிக்குத்தான் சொன்னேன், ஆறு மாடிக்கு இல்லை.

மன்னை மருந்துக்கடை:
புயல் வந்தால்? 2018 கஜாவில் எங்கள் போர்டே பறந்துபோனது.

நாகை ஃபேப்ரிகேட்டர்:
பட்டைகளை மூடின நிலையில் இறுக்கிப் பூட்டத் தாழ்ப்பாள் வேண்டும். ஃப்ரேமைக் கண்ணாடிச் சட்டத்தில் பிடிக்காமல், தளத்தின் கான்கிரீட்டில் ஆங்கர் போல்ட் அடிக்கச் சொல்லுங்கள். அப்புறம், புது போர்டு எங்கே என்று இப்போதே முடிவு பண்ணுங்கள் சார். பட்டைமேல் மாட்டிவிட்டுத் திரும்பவில்லை என்று எனக்கு போன் போடுகிறவர்கள்தான் அதிகம்.