நாகையிலிருந்து விசாகப்பட்டினம் வரை பாய்மரப் படகு: புறப்பட ஏற்ற காலம் எது?

கேள்வி – கடுவையாற்றுக் கரை

வணக்கம். நானும் என் தம்பியும் நண்பர் ஒருவரும் சேர்ந்து, முப்பதடிக்குச் சற்றுக் கூடுதலான மரப் பாய்மரப் படகு ஒன்றை நாகப்பட்டினத்தில் கரையேற்றிப் பழுது பார்த்து வருகிறோம். கரையை ஒட்டி வடக்கே சென்று, சென்னையில் தங்கி, அங்கிருந்து விசாகப்பட்டினம் வரை பாயிலேயே செல்ல வேண்டும் என்பது எங்கள் நெடுநாள் விருப்பம். துணைக்குச் சிறிய டீசல் எஞ்சின் உண்டு. மார்கழியோடு மழை ஓய்ந்துவிடும் என்பதால் பொங்கலை அடுத்துப் புறப்படலாம் என்றிருக்கிறோம். இந்தக் கணக்கு சரிதானா? அதுவரை எந்த வேலையில் கூடுதல் கவனம் வேண்டும்?

பதில் – காரைக்கால் மேடு

ஐயா, வடக்கே செல்பவருக்குப் பொங்கல் மிகவும் முந்திய காலம். மழை ஓய்ந்த பிறகும் வாடை ஓய்வதில்லை. தை மாதம் முழுவதும் அது பெரும்பாலும் வடகிழக்கிலிருந்தே வீசும், நீங்கள் போக வேண்டிய திசையும் ஏறக்குறைய அதுவே. எதிர்க்காற்றில் இடமும் வலமுமாக மாறி மாறிச் சாய்வாக வெட்டி ஓட்டலாம் என்றாலும், நீரோட்டத்தையும் பார்க்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கரையோர நீரோட்டம் தெற்கு நோக்கி ஓடுகிறது. பிப்ரவரியில் திசை மாறி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் வடக்கு நோக்கி வலுவாக ஓடுகிறது. நாகையிலிருந்து சென்னை ஏறத்தாழ 140 கடல் மைல். மணிக்கு 4 மைல் ஓடும் படகுக்கு ஒரு மைல் வேக நீரோட்டம் எதிராக இருந்தால் 47 மணி நேரம் ஆகும். அதே நீரோட்டம் உடன் வந்தால் 28 மணி நேரத்தில் சேர்ந்துவிடலாம். இரவுக் காவலில் மூவர் மட்டுமே மாறி மாறி நிற்கும் படகில் இந்த வேறுபாடு மிகப் பெரியது.

ஆகவே பிப்ரவரி இறுதி முதல் மார்ச் முடிவு வரை என்று திட்டமிடுங்கள். அப்போது பிற்பகல் கடற்காற்றும் தெற்கிலிருந்தும் தென்கிழக்கிலிருந்தும் வந்து கைகொடுக்கும். அதற்கு மேல் தள்ளிப் போடாதீர்கள். ஏப்ரலிலிருந்து வங்கக்கடலில் மீண்டும் புயல்கள் உருவாகத் தொடங்கும். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: டிசம்பர் முடியும் முன் படகை நீரில் இறக்க வேண்டாம். 2018 நவம்பர் 16 அன்று கஜா நம் கரையில் செய்தது உங்களுக்குத் தெரியும். தானே புயல் கரையைக் கடந்ததோ 2011 டிசம்பர் 30 அன்று.

பதில் – மரவேலைக்காரர்

மேலே உள்ள பதிலை முழுமையாக ஏற்கிறேன். கிடைத்திருக்கும் கூடுதல் வாரங்களை அடிப்பாகத்துக்குக் கொடுங்கள். கரையில் காய்ந்த மரம் சுருங்கிப் பலகை மூட்டுகள் விரிந்திருக்கும். அந்த இடைவெளியைப் பார்த்து அஞ்சி, கலப்பத்து அடிக்கும்போது, அதாவது நீர் கசியாமல் மூட்டுகளை அடைக்கும்போது, பஞ்சுத் திரியை அளவுக்கு மீறித் திணித்துவிட்டால், நீரில் இறங்கிய மரம் ஊதும்போது திரி இடம் கொடுக்காமல் பலகையையே ஆணியிலிருந்து தள்ளிவிடும். பழைய திரி உறுதியாக இருக்கும் மூட்டைக் கலைக்காமல் விடுங்கள். மெல்லிய கம்பி எளிதாக இறங்கும் இடத்தை மட்டும் திறந்து புதிதாக அடியுங்கள். மூட்டு ஈரமாக இருக்கும்போது இவ்வேலை நிற்காது என்பதால் மழை விட்ட வெயில் நாட்களையே அதற்கு ஒதுக்க வேண்டும். கப்பல் புழுவைத் தடுக்கும் வண்ணம் நீர்மட்டத்துக்குக் கீழே ஓரிடமும் விடாமல் பூசப்பட வேண்டும். பூச்சு விட்டுப்போன சிறு இடம் போதும், உள்ளே புகுந்த புழு வெளியே தெரியாமல் பலகையை அரித்துவிடும்.

புறப்படுவதற்குச் சில வாரங்கள் முன்பே படகை இறக்கி, மரம் ஊறி மூட்டுகள் இறுகும் வரை கட்டிவையுங்கள். முதல் நாட்களில் நீர் கசியும். பம்பு இடைவிடாமல் தயாராக இருக்கட்டும். அந்த வாரங்களில் பாய்மரத்தைத் தாங்கும் எஃகு வடங்களின் முனைப்பிடிகளை உருப்பெருக்கி கொண்டு பாருங்கள். மயிரிழை விரிசல் தென்பட்டாலும் மாற்றிவிடுங்கள். வெயிலில் முதலில் சாவது பாய்த்துணி அன்று, அதன் தையல் நூல்.

கேள்வியாளர்

இருவருக்கும் உளமார்ந்த நன்றி. மார்ச் மாதத்துக்கு மாற்றிக்கொள்கிறோம். முகத்துவாரத்து மணல்மேட்டைக் கடப்பது பற்றியும் வழியில் கவனிக்க வேண்டியவை பற்றியும் யாராவது எழுத வேண்டுகிறேன்.

பதில் – அரசலாறு

வடகிழக்குப் பருவமழைக்குப் பின் மணல்மேடு இடம் மாறியிருக்கும். சென்ற ஆண்டின் வழியை நம்ப வேண்டாம். முதல் நாளே ஃபைபர் படகில் செல்லும் மீனவர் ஒருவருடன் சென்று ஆழம் அளந்து வாருங்கள். நம் பகுதியில் ஓதம் ஒரு மீட்டருக்கும் குறைவாகவே ஏறி இறங்குவதால், அடிக்கட்டை ஆழமான படகுக்கு ஒவ்வொரு சாணும் முக்கியம். கடற்காற்று எழுமுன், காலையில், நீர் ஏறிக்கொண்டிருக்கும்போதே எஞ்சினில் கடந்துவிடுங்கள்; இறங்கும் நீரில் தரை தட்டினால் அடுத்த ஏற்றம் வரை அங்கேயே அலையடி வாங்க நேரும்.

இரவில் செவுள் வலைகள் விரிக்கப்பட்டிருக்கும் என்பதால் கரையை மிக நெருங்க வேண்டாம். ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாட்களில் கடற்பகுதி மூடப்படும். அறிவிப்பைச் சென்னையில் உறுதி செய்துகொள்ளுங்கள். கிருஷ்ணா, கோதாவரி முகத்துவாரங்களில் மணல்திட்டுகள் கடலுக்குள் நெடுந்தூரம் நீளும்; அங்கே நன்றாக விலகிச் செல்ல வேண்டும். ஐதராபாத்தில் உள்ள கடல் தகவல் மையமான இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை முன்னறிவிப்பை நாள்தோறும் பாருங்கள். வி.எச்.எஃப். வானொலிக் கருவியில் அவசர அழைப்புக்கான 16ஆம் அலைவரிசை எப்போதும் திறந்திருக்கட்டும். கடலோரக் காவல் படையின் மீட்பு எண் 1554. ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் குடிநீர் எடுத்துக்கொண்டு, அதை ஒரே தொட்டியில் வைக்காமல் பிரித்து வையுங்கள்.