கையில் பிஎச்.டி. சீட், கோத்தகிரியில் சைட் வேலை: மண்சரிவு ஆராய்ச்சிக்குப் போகலாமா?

தேயிலைச்சரிவு

வணக்கம். எனக்கு 27 வயது. நீலகிரி மாவட்டம், கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் ஊர்). கோவையில் எம்.இ. ஜியோடெக்னிக்கல் (மண் பொறியியல்) முடித்துவிட்டு, மூன்று வருடமாக மலைச்சாலைத் தடுப்புச்சுவர் வேலைகளில் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். சம்பளம் 30,000. இப்போது ஒரு மத்திய அரசு கல்வி நிறுவனத்தில் சிவில் பிரிவில் முழுநேர பிஎச்.டி. சீட் கிடைத்திருக்கிறது. கேட் (GATE) தேர்வில் தேர்ச்சி இருப்பதால் உதவித்தொகை முதல் 2 வருடம் மாதம் 37,000, அதற்குப் பிறகு 42,000. மழையில் மலைச்சரிவு எப்போது, ஏன் பெயர்கிறது என்பதுதான் தலைப்பு.

ஏன் போக நினைக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். போன ஐப்பசி மழையில் நாங்கள் கட்டி எட்டு மாதமே ஆன சுவர் ஒன்று வயிறு தள்ளி, மூன்றாம் நாள் விழுந்தது. கீழே ஒரு வீடு. முந்தின நாளே ஆட்களை வேறு இடத்துக்கு மாற்றியிருந்ததால் உயிர் தப்பினார்கள். அந்தச் சுவருக்கு வந்த டிராயிங்கும் இரண்டு கிலோமீட்டர் தள்ளி இன்னொரு வளைவுக்கு வந்த டிராயிங்கும் ஒன்றுதான். மண் மட்டும் வேறு. ஏன் விழுந்தது என்று கேட்டேன். "மழை ஜாஸ்தி" என்றார்கள். எவ்வளவு பெய்தால் ஜாஸ்தி என்று ஒருவராலும் சொல்ல முடியவில்லை.

அப்பாவுக்கு ஒரு ஏக்கர் தேயிலை. பச்சைத் தேயிலை விலை இருக்கும் நிலையில் அவர் என்ன சொல்வார் என்று உங்களுக்கே தெரியும். தம்பி இன்னும் படிக்கிறான். திங்கட்கிழமைக்குள் பதில் எழுத வேண்டும்.

குன்னூர்_கான்ட்ராக்டர்

அம்மா, மனதில் பட்டதைச் சொல்கிறேன். போகாதே.

1993 நவம்பரில் மரப்பாலத்தில் மலை இறங்கி, பஸ்ஸோடு ஆட்களை அடித்துக்கொண்டு போனது. அந்த மண்ணை அள்ளிய கூட்டத்தில் நானும் ஒருவன். அன்று தொடங்கி இன்று வரை சுவர்தான் என் பிழைப்பு. சுவரைச் சாய்ப்பது தண்ணீர். இதற்கு ஐந்து வருடப் படிப்பு தேவையில்லை. 4 மீட்டர் உயரச் சுவர் என்று வைத்துக்கொள். பின்னால் காய்ந்த மண் இருந்தால், சாதாரண மணல் கலந்த மண்ணுக்கு, மீட்டர் நீளத்துக்குச் சுமார் 48 கிலோநியூட்டன் தள்ளும். அதே மண்ணில் மேல்மட்டம் வரை தண்ணீர் நின்றால் 104. இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் புத்தகத்திலேயே இருக்கிற கணக்குதான்.

அப்புறம் ஏன் சுவர் விழுகிறது? சுவருக்குப் பின்னால் சேரும் தண்ணீர் வெளியேற வீப் ஹோல் பைப்பை வைத்துவிட்டு, பின்னால் ஜல்லி போடாமல் வெட்டிய மண்ணையே தள்ளி மூடுகிறார்கள். முதல் மழையிலேயே பைப் அடைத்துக்கொள்கிறது. மேலே வீட்டுக்காரர் ஜேசிபி வைத்துச் செங்குத்தாக வெட்டி, கூரைத் தண்ணீரை அந்த வெட்டுக்குள்ளேயே விடுகிறார். இதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். "இப்படிப் போடாதே, எடு" என்று சைட்டில் நின்று சொல்ல ஆள் இல்லை. நீ அப்படி நிற்கிற பெண் என்று உன் எழுத்தில் தெரிகிறது. உன்னையும் லேபுக்குள் அனுப்பிவிட்டால் இங்கே யார் நிற்பது?

கூடலூர்க்காரன்

நான் போகச் சொல்வேன். வயநாடு எங்களுக்குப் பக்கத்து வீடு. 2024 ஜூலை 30 விடியலில் சூரல்மலையில் நடந்த மண்சரிவைக் கேட்ட பிறகு, மழை வலுக்கும் ராத்திரிகளில் எங்கள் பக்கம் யாரும் சரியாகத் தூங்குவதில்லை. எத்தனை செ.மீ. பெய்தால் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்று எங்கள் ஊருக்கென்று ஒரு கணக்கு வேண்டும். கான்ட்ராக்டர் அண்ணா சொல்லும் அனுபவம் பெரியதுதான். அது அவரோடு போய்விடுமே.

தேயிலைச்சரிவு

கான்ட்ராக்டர் அண்ணா, உங்கள் கணக்கு சரி. ஆனால் என் சுவரில் பின்னால் ஜல்லி போட்டிருந்தோம். நானே நின்று போட வைத்தேன். விழுவதற்கு முந்தின நாள்கூட வீப் ஹோலில் தண்ணீர் வந்துகொண்டேதான் இருந்தது. சுவர் அடியோடு நகர்ந்தது. விழுந்த பிறகு இறங்கிப் பார்த்தேன். அஸ்திவாரத்துக்குக் கீழே வெள்ளையும் ரோஸுமாக, கையில் எடுத்தால் சோப்பு போல வழுக்கும் களிமண். மேலே இருந்த செம்மண்ணுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. நாங்கள் சுவரைச் சரியாகக் கட்டி, வழுக்கும் இடத்தில் உட்கார வைத்திருக்கிறோம்.

முத்தொரை

தங்கச்சி, அந்த மண்ணைப் பார்த்து நின்றாயே, அங்கேயே உன் ஆராய்ச்சி தொடங்கிவிட்டது. நான் இதே துறையில் பிஎச்.டி. முடித்தவள். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நம் மலையின் அடிப்பாறை சார்னோகைட். அது காலங்காலமாக மட்கி, மேலே துளை துளையான செம்மண்ணாகவும், அதற்குக் கீழே பல இடங்களில் நீ பார்த்த வெளிறிய களிமண்ணாகவும் மாறியிருக்கிறது. லித்தோமார்ஜ் என்பார்கள். மேல்மண் தண்ணீரைக் குடிக்கும். கீழ்மண் விடாது. இரண்டுக்கும் நடுவில் தண்ணீர் தேங்கி, அந்த எல்லையிலேயே வழுக்கும். கான்ட்ராக்டர் சார் சுவருக்குப் பின்னால் இருக்கும் தண்ணீரைச் சொல்கிறார். உன் சுவரைத் தள்ளியது அதற்கும் கீழே இருந்த தண்ணீராக இருக்கலாம்.

இன்னொன்று. நம் ஊரில் செங்குத்தாக வெட்டிய மண் பத்து வருடம் அசையாமல் நிற்கும், பதினோராவது ஐப்பசியில் இறங்கும். பார்த்திருப்பீர்கள். காய்ந்த மண்ணின் நுண்துளைகளில் இருக்கும் கொஞ்ச ஈரம் துகள்களை உள்பக்கமாக இழுத்துப் பிடித்து வைத்திருக்கிறது. சக்‌ஷன் என்போம். அந்தப் பிடிப்பில்தான் அந்த வெட்டு நிற்கிறது. மழை நாள்கணக்கில் ஊறும்போது பிடிப்பு கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து, ஒரு கட்டத்தில் இல்லாமல் போகிறது. எத்தனை நாள் மழையில், எந்த ஆழத்தில் போகிறது என்று அளந்தால்தான் தெரியும். இந்தப் பிடிப்பை அளக்கும் டென்சியோமீட்டர், மண்ணுக்குள் தண்ணீர் அழுத்தத்தை அளக்கும் பீசோமீட்டர், மழைமானி எல்லாம் சரிவிலேயே புதைத்து வைத்து, மழையோடு மழையாக உட்கார்ந்து எடுக்க வேண்டிய அளவு அது.

2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. பெய்தது. அந்த மழையில் மாவட்டத்தில் 40-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியிலும் ஒரு நாளில் 80 செ.மீ.-க்கு மேல் பெய்தது. அந்த முறை உயிரிழப்பு மிகக் குறைவு. மழை கிட்டத்தட்ட ஒன்றுதான், விளைவு வேறு. எந்தச் சரிவில் வீடு இருக்கிறது, எது வெட்டப்பட்டது, அதற்கு முந்தைய வாரம் மண் எவ்வளவு குடித்திருந்தது என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவு செய்கிறது. "மழை ஜாஸ்தி" என்ற பதிலுக்குள் இத்தனை இருக்கிறது.

ஊட்டிக்குப் பக்கத்தில், எங்கள் ஊர் முத்தொரையில் இருக்கும் ரேடியோ தொலைநோக்கியைப் பாருங்கள். 530 மீட்டர் நீளம். வடக்கு தெற்காக 11 டிகிரி சாய்ந்த ஒரு சரிவு வேண்டும் என்று தேடி, நம் மலையில் அதைக் கண்டு, அங்கே கட்டினார்கள். சில ஆராய்ச்சியை இந்த மலையில்தான் செய்ய முடியும். உன்னுடையதும் அப்படித்தான்.

பழைய_ஸ்காலர்

நான் எதிர்க்கட்சி. முத்தொரை மேடம் சொன்ன அறிவியலில் எனக்கு மறுப்பில்லை. அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று யாரும் சொல்லவில்லை.

நான் 2012-ல் சேர்ந்து 2019-ல் முடித்தேன். கோர்ஸ் வொர்க் ஒரு வருடம். மண்ணின் வலிமையைச் சோதிக்க எனக்கு வேண்டிய ட்ரையாக்சியல் கருவிக்கு ஆர்டர் போட்டு, அது வந்து, பொருத்தி, ஓட ஆரம்பிக்க 14 மாதம். நாலாவது வருடம் கைடு வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். உதவித்தொகை ஐந்து வருடத்தோடு நின்றது. கடைசி இரண்டு வருடம் மனைவி சம்பளத்தில் வீடு ஓடியது. அந்த இரண்டு வருடமும் ஊர்த் திருவிழாவுக்குப் போகவில்லை. "எப்போ முடியும்" என்று யாராவது கேட்பார்கள் என்ற பயம்.

முடித்த பிறகு ஒரு தனியார் கல்லூரியில் சேர்ந்தேன். பெயர் வேண்டாம். கொரோனா காலத்தில் எட்டு மாதம் பாதிச் சம்பளம். சிவிலில் சேர ஆளில்லாமல் பல கல்லூரிகள் அந்தப் பிரிவையே மூடியிருக்கின்றன. இன்ஜினியரிங் கல்லூரியில் அசிஸ்டன்ட் புரொபசராகச் சேர ஏ.ஐ.சி.டி.இ. விதிப்படி முதல் வகுப்போடு எம்.இ. இருந்தாலே போதும், அது உங்களிடம் இருக்கிறது. அசோசியேட் ஆகத்தான் பிஎச்.டி. கேட்பார்கள்.

யு.ஜி.சி.யின் 2022 விதியில் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கு அதற்கு மேலும் 2 வருடச் சலுகை உண்டு. இத்தனை வருடத்தை எதற்காக விதியில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று யோசியுங்கள். அவ்வளவு ஆகிறது என்பதால்தான். வேலையை விடாமல், நிறுவனத்திடம் தடையில்லாச் சான்று வாங்கிப் பகுதிநேரமாகச் செய்யுங்கள்.

முத்தொரை

சார், உங்களுக்கு நேர்ந்ததைப் படிக்கவே கஷ்டமாக இருக்கிறது. கைடு போனது, கருவி வராதது இரண்டும் பலருக்கு நடக்கிறது, மறுக்க மாட்டேன்.

பகுதிநேரம் என்பதில்தான் ஒத்துப்போக முடியவில்லை. கோத்தகிரி, குன்னூர் சரிவுகளுக்கு முக்கியமான மழை அக்டோபர், நவம்பரில். அதே இரண்டு மாதம்தான் சைட்டில் மண் விழுந்து, ராத்திரி பகலாக ரோடு திறக்கும் வேலையும் வரும். சுவர் வேலையில் இருந்துகொண்டு அந்த நேரத்தில் கருவியிடம் எப்படிப் போவாள்? ஒரு மழைக்காலம் தவறினால் ஒரு முழு வருடம் தவறும். குறைந்தது இரண்டு மழையாவது பார்க்க வேண்டும். இந்தத் தலைப்பை முழுநேரமாகத்தான் செய்ய முடியும்.

குன்னூர்_கான்ட்ராக்டர்

அந்த வெள்ளை மண்ணை எனக்கும் தெரியும். பார்த்தால் மேஸ்திரியிடம் இன்னும் ஓர் அடி இறக்கச் சொல்வேன், சில இடத்தில் மூன்று அடி. அந்த அடிகளுக்கு எஸ்டிமேட்டில் பணம் இருக்காது. பாதி நேரம் என் கையைக் கடித்திருக்கிறது. வேறு வழி? கீழே வீடு இருக்கிறதே.

இப்போது ஒன்று கேட்கிறேன், படித்தவர்கள் சொல்லுங்கள். இந்தப் பெண் ஐந்து வருடம் உட்கார்ந்து தீசிஸ் எழுதினால், அந்த ஓர் அடிக்குப் பணம் வருமா?

பழைய_ஸ்காலர்

என் தீசிஸ், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் இருக்கிறது. எந்தப் பொறியாளரும் அதைப் படித்துவிட்டு எனக்கு எழுதியதில்லை. சார் கேட்டதற்கு என் அனுபவத்தில் பதில், வராது.

முத்தொரை

தீசிஸாக மட்டும் இருந்தால் வராது. கோத்தகிரி - மேட்டுப்பாளையம் சாலையில் நெடுஞ்சாலைத் துறை சரிவுக்குள் இரும்புக் கம்பிகளை ஆணி போல இறக்கி, மேலே வலை கட்டி, புல் விதை தெளித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாயில் நெயிலிங். ஆராய்ச்சிக்கூடத்தில் இழுத்துப் பார்த்து எண்களாக எழுதிய பிறகுதான் அப்படி ஒரு முறை எஸ்டிமேட்டுக்குள் வரும். உங்கள் ஓர் அடியும் அதே வழியில்தான் வர வேண்டும், சார். "அனுபவத்தில் தெரியும்" என்று சொன்னால் ஆடிட்டில் வெட்டிவிடுவார்கள். "இந்த மண்ணின் வலிமை இவ்வளவு, இந்த ஆழம் வரை இருக்கிறது, இதோ சோதனை" என்றால் வெட்டுவது கஷ்டம்.

தங்கச்சி, திங்கட்கிழமைக்கு முன்பு உன் கைடுக்கு போன் போட்டு இவற்றைக் கேள். சரிவில் கருவி வைக்க ப்ராஜெக்டில் பணம் ஏற்கெனவே வந்துவிட்டதா, இல்லை விண்ணப்பித்திருக்கிறாரா? முதல் அக்டோபருக்குள் கருவி மண்ணில் இறங்குமா? அவர் ஓய்வு பெற எத்தனை வருடம் இருக்கிறது? கடைசியாக முடித்த அவருடைய மாணவர்கள் இரண்டு பேரின் நம்பர் கேள், அவர்களிடம் தனியாகப் பேசு. இதற்கெல்லாம் அவர் முகம் சுளித்தால் சேராதே. அதை நானே சொல்கிறேன்.

பழைய_ஸ்காலர்

இந்தக் கேள்விகளை 2012-ல் நான் கேட்டிருக்க வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் நல்ல பதில் வந்தால் என் எதிர்ப்பில் பாதி போய்விடும். மீதிப் பாதி வீட்டுப் பணம். 37,000 இப்போதைய சம்பளத்தை விட அதிகம்தான். ஆனால் ஹாஸ்டல், சாப்பாடு போக ஊருக்கு எவ்வளவு அனுப்ப முடியும், ஆறாவது வருடம் வந்தால் என்ன செய்வது என்று அப்பாவோடு உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். அவரிடம் மறைக்காதீர்கள்.

தேயிலைச்சரிவு

எல்லாருக்கும் நன்றி. கைடிடம் இன்று காலை பேசினேன். கருவிகளுக்குப் பணம் வந்துவிட்டது, முதல் செட் செப்டம்பரில் இறங்கும் என்கிறார். ஓய்வுக்கு 11 வருடம் இருக்கிறது. அவருடைய மாணவர் ஒருவரின் நம்பரும் கொடுத்தார், சாயங்காலம் பேசுகிறேன். "உங்கள் பகுதியில் பழைய சரிவுகள் எங்கே, எந்தத் தேதியில் நடந்தன என்று பட்டியல் கிடைக்குமா? அது இல்லாமல் மழைக் கணக்கைப் பொருத்திப் பார்க்க முடியாது" என்று கைடு ஒன்று கேட்டார். பெரிய சரிவுகளுக்குப் பதிவு உண்டு. சின்னச் சின்னதாக ரோட்டில் விழுந்தவற்றுக்கு எங்கே போவது என்று தெரியவில்லை.

அப்பாவிடம் இன்னும் பேசவில்லை. இன்றிரவு பேச வேண்டும்.

குன்னூர்_கான்ட்ராக்டர்

அம்மா, உன்னைப் போன்ற ஆள் சைட்டில் இருக்க வேண்டும் என்பதில் நான் இன்னும் மாறவில்லை. முடித்துவிட்டு மலைக்குத் திரும்பி வா, அதை மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

பட்டியல் கேட்டாயே. மண் அள்ளிய வேலைக்கு பில் போட, எந்த வளைவு, எந்தத் தேதி, எத்தனை லோடு என்று 1996-லிருந்து நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பர்லியாரிலிருந்து கட்டபெட்டு வரைக்கும் இருக்கும். சில நோட்டு நனைந்து போனது. மொத்தம் ஒன்பது தேறும். நானே பில்லுக்காக எழுதியது, உனக்குப் புரியாத இடம் நிறைய வரும், பக்கத்தில் உட்கார்ந்து சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில்தான் இருப்பேன், அப்பாவையும் கூட்டிக்கொண்டு வா.

தேயிலைச்சரிவு

வருகிறோம் அண்ணா. பத்து மணிக்கு.