வீட்டு முன் நடைபாதையில் நிற்கும் வண்டிகள்: நம் கன்னியாகுமரி மாவட்டத்து அனுபவங்கள்

வடசேரியிலிருந்து

எங்கள் தெரு நாகர்கோவிலில் ஒரு திருமண மண்டபத்தை ஒட்டிச் செல்கிறது. முகூர்த்த நாள்களில் மண்டபத்து வளாகம் காலையிலேயே நிறைந்துவிடுவதால், பிந்தி வருகிற கார்கள் எங்கள் வீட்டு வாசலில் உள்ள நடைபாதையில் ஏறி நின்றுவிடுகின்றன. நடைபாதை என்று நான் சொல்வது சாலையோரக் கழிவுநீர் ஓடையின் மேல் போட்டிருக்கும் சிலாப்புகளைத்தான். நம் ஊரில் பல தெருக்களில் அதைத் தவிர வேறு நடைபாதை கிடையாது. மனிதர் நடக்கப் போட்ட சிலாப் காரின் பாரத்தை எவ்வளவு காலம் தாங்கும்? எங்கள் வாசலில் ஒரு சிலாப்பின் விளிம்பு உடைந்து, துருப்பிடித்த கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. முழங்கால் அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வாக்கர் பிடித்து நடக்கும் என் தாயார், வழியில் கார் நின்றால் பேருந்து போகும் சாலையில் இறங்கித்தான் நடந்தாக வேண்டும்.

"இங்கே ஏன் நிறுத்தினீர்கள்?" என்று தொடங்கினால் பேச்சு வாக்குவாதமாகத்தான் முடிகிறது. கல்யாணத்துக்கு வந்தவர் ஊருக்குப் புதியவர், நேரமாகிவிட்ட பதற்றத்தில் இருப்பவர். ஆகவே இப்போது நான் அவர் இறங்குவதற்கு முன்பே அருகில் சென்று, "அண்ணாச்சி, அம்மா வாக்கர் வச்சு நடக்கிற வழி இது. அந்த வளைவு தாண்டினா காலி மனை இருக்கு, அங்க போட்டிருங்க" என்று சொல்கிறேன். யாருக்கு இடைஞ்சல் என்பதும், மாற்றிடம் எங்கே என்பதும் ஒரே மூச்சில் தெரிந்துவிட்டால், பெரும்பாலோர் மறுபேச்சின்றி வண்டியை எடுத்துவிடுகிறார்கள். ஆளில்லாமல் நிற்கும் வண்டிக்கு மண்டபத்து மேலாளரிடம் எண்ணைக் கொடுத்தால் மைக்கில் அறிவிப்பார். நிறத்தையும் வண்டியின் வகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். இந்த ஊர் வண்டிகள் பலவும் "டிஎன் 74" என்றுதான் தொடங்குவதால், அந்த எண்ணை மட்டும் கேட்டு அங்கே யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கோட்டாற்றிலிருந்து

மேலே எழுதியவருக்குப் பேச ஆள் கிடைக்கிறார். நாகர்கோவில் சந்திப்பு ரயில் நிலையத்திற்கு அருகில் குடியிருக்கும் எங்களுக்கு அதுவும் இல்லை. கடைசி நேரத்தில் வந்து, காரை நடைபாதையில் ஏற்றிவிட்டுச் சென்னை ரயிலைப் பிடித்துப் போய்விடுகிறார்கள். ஒரு வெள்ளிக்கிழமை மாலையில் எங்கள் கேட்டில் பாதியை மறைத்து நின்ற கார் சனிக்கிழமையும் அசையவில்லை. வாகனப் பதிவு விவரம் தரும் அரசின் பரிவாகன் இணையதளத்தில் எண்ணைப் போட்டுப் பார்த்தேன்; உரிமையாளர் பெயரில் சில எழுத்துகளைத் தவிர மற்றவை மறைக்கப்பட்டிருந்தன. கண்ணாடியில் தாள் ஒட்டுவதும், சக்கரத்தில் காற்றைப் பிடுங்குவதும் வேண்டாம் என்று வீட்டில் தீர்மானித்தோம். பிறர் வண்டியில் கை வைத்தால் குற்றம் நம் பக்கம் வந்துவிடும். காற்று இல்லாத வண்டியோ இன்னும் அதிக நேரம் அங்கேயே கிடக்கும்.

சட்டம் நமக்குத் துணையாகவே இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் நடைபாதையில் வண்டி நிறுத்துவதைத் தடை செய்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 127, தடை உள்ள இடத்தில் நிறுத்திய வண்டியையும், பொது இடத்தில் பத்து மணி நேரமோ அதற்கு மேலோ கேட்பாரற்று நிற்கும் வண்டியையும் இழுத்துச் செல்லவோ சக்கரத்தில் பூட்டுப் போடவோ சீருடையிலுள்ள காவல் அதிகாரிக்கு அதிகாரம் தருகிறது. இழுக்கும் செலவு வண்டிக்காரரையே சேரும். அபராதம் பிரிவு 177இன்படி முதல் முறை 500 ரூபாய் வரை, மறுபடியும் பிடிபட்டால் 1,500 ரூபாய் வரை.

காவல் நிலையத்தில் பிரிவு எண்ணைச் சொல்லி, எண் பலகையும் நடைபாதையின் விளிம்பும் ஒரே படத்தில் தெரியும்படி எடுத்த புகைப்படங்களைக் காட்டினேன். முதலில் "நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்றார்கள். யாரிடம் பேசுவது என்று நான் கேட்ட பிறகு, ஒரு காவலர் பதிவில் இருந்த கைபேசி எண்ணைப் பார்த்து உரிமையாளரை அழைத்தார். அவர் சென்னையில் இருந்தார். அன்று மாலையே அவருடைய மைத்துனர் மாற்றுச் சாவியுடன் வந்து காரை எடுத்துச் சென்றார். எனவே புகார் கொடுப்பதற்கு யாரும் தயங்க வேண்டாம். நம்மால் கண்டுபிடிக்க முடியாத கைபேசி எண் அவர்களிடம் இருக்கிறது.

கன்னியாகுமரியிலிருந்து

கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை எங்கள் தெருவில் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் நிற்கும். ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் இரவெல்லாம் பயணம் செய்து, சூரிய உதயம் பார்க்க வந்தவர்கள். அவர்கள் மீது கோபம் கொள்ள எனக்கு மனம் வருவதில்லை. ஆனால் என் மாமனாருக்கு இரு கண்ணிலும் பார்வை இல்லை. இடது கையால் மதிலைத் தடவிக்கொண்டே டீக்கடை வரை போய்வருவது அவருடைய வழக்கம். மதிலை ஒட்டி வேன் நின்றால் அவர் கைத்தடிக்குச் சக்கரம் தட்டுப்படும். முகத்துக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் பக்கக் கண்ணாடி தட்டுப்படாது. ஒரு முறை புருவத்தில் இடித்து இரத்தம் வந்துவிட்டது.

அதிலிருந்து நான் விடியற்காலையில் வாசல் தெளிக்கும்போதே வெளியே நின்றுகொள்கிறேன். "சாமி, தாத்தாவுக்குக் கண் தெரியாது" என்று சொல்லி, மாமனாரையும் அழைத்து வந்து அருகில் நிறுத்திவிடுவேன். மொழி புரியாவிட்டாலும் அவரைக் கண்டதும் ஓட்டுநர் சாவியைத் தேடத் தொடங்கிவிடுவார். சென்ற பருவத்தில் ஒரு குழுவினர் வண்டியை மாற்றிவிட்டு, அவரைக் கைபிடித்து டீக்கடைக்கே அழைத்துச் சென்று வந்தார்கள்.

தக்கலையிலிருந்து

மூன்று பதிவுகளையும் படித்தேன். ஒன்று சொல்லாமல் இருக்க முடியவில்லை. வண்டி நிறுத்தக் கூடாது என்று பூந்தொட்டியும் கருங்கல்லும் நடைபாதையில் வைக்கிற வீடுகள் எங்கள் தெருவில் நிறைய உண்டு. கார் உள்ளே ஏறுவதற்காகச் சாலை வரை சிமெண்ட் சரிவு போட்ட வீடுகளும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவருக்குக் காரும் ஒன்றுதான், கருங்கல்லும் ஒன்றுதான். குடியிருப்புப் பகுதி நடைபாதையில் 1.8 மீட்டர் அகலமாவது தடையில்லாமல் இருக்க வேண்டும் என்பது சாலைகளுக்குத் தரநிலை வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல். தடையில்லாத நடைபாதை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அந்த உரிமை நடப்பவருக்கு உரியது. வீட்டுக்காரர் என்பதால் அந்த இடம் நமக்குச் சொந்தமாகிவிடாது.

எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்ற ஆட்டோவைப் பற்றிப் புகார் கொடுத்தபோது, பார்க்க வந்த அதிகாரிகள் ஆட்டோவை எடுக்கச் சொன்னதோடு அவருடைய சரிவையும் உடைக்கச் சொன்னார்கள். அவர் முதலில் வருத்தப்பட்டாலும், சரிவைக் கேட்டுக்கு உள்ளே தள்ளிக் கட்டிக்கொண்டார். இப்போது பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் அவர் வீட்டு முன்னால் சாலையில் இறங்காமல் நடந்து போகிறார்கள். புகார் மனு எழுதும் முன், ஒரு அளவு நாடாவை எடுத்து உங்கள் வாசலையும் அளந்து பார்த்துவிடுங்கள்.