கேட்ச் கேனுக்கு எந்த ஹோஸ்? நீல சிலிக்கான் ஒன்பது மாதத்தில் சப்பையாகிவிட்டது

ஈரோடு_டர்போ:
என் வண்டி 1.0 லிட்டர் டர்போ பெட்ரோல், டைரக்ட் இன்ஜெக்‌ஷன். இதில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் பாய்வதால் இன்டேக் வால்வின் முதுகைக் கழுவ எதுவும் இல்லை. என்ஜினின் அடிப்பகுதியான கிராங்க்கேஸில் சேரும் வாயுவை மறுபடி இன்டேக்குக்கு அனுப்பும் பிசிவி வழியாக வரும் எண்ணெய்ப் புகை அங்கே கரியாக அப்பிக்கொள்ளும் என்று படித்துப் பயந்து, போன ஆடித் தள்ளுபடியில், வழியிலேயே அந்த எண்ணெயைப் பிடித்துவைக்கும் கேட்ச் கேன் வாங்கி மாட்டினேன். கூடவே ஒரு மீட்டர் நீல சிலிக்கான் ஹோஸ் கொடுத்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

நேற்று பானட்டைத் திறந்தால், கேனுக்கு அடியில் வளையும் இடத்தில் ஹோஸின் வெளிப்புறம் எண்ணெய் வியர்த்து, தூசி ஒட்டிக் கறுத்துக் கிடக்கிறது. கிளிப்பில் கசிவு இல்லை, துடைத்துப் பார்த்துவிட்டேன். தொட்டால் ஊறிய அப்பளம் மாதிரி இருக்கிறது. ஐடிலில் அந்த வளைவு சப்பையாகிறது, ஆக்சிலரேட்டரை மிதித்தால் மறுபடி உருண்டையாகிறது. அடுத்து எதைப் போடுவது? கடையில் ஹீட்டர் ஹோஸ், பெட்ரோல் ஹோஸ் இரண்டையும் காட்டினார்கள்.

நீலக்குழாய்:
மலிவு சரக்கு வாங்கிவிட்டு சிலிக்கானைத் திட்டாதீர்கள். என் வண்டியில் நான்கு வருடமாக சிலிக்கான்தான், ஒரு குறையும் இல்லை. டர்போ பக்கத்தில் இருக்கும் சூட்டுக்கு சாதா ரப்பர் ஒரு கோடைக்குத் தாங்காது. சிலிக்கான் 180 டிகிரியில்கூட அசையாது. நான்கு அடுக்குத் துணி வைத்ததாக வாங்குங்கள், சப்பையாகாது.

கலவைக்கூடம்:
ரப்பர் கலவை போடுவதுதான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சிலிக்கான் சூட்டைத் தாங்கும் என்பதில் சண்டையே இல்லை. ஆனால் இங்கே சூடு மட்டும் பிரச்சினை இல்லை. பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும் வாயுவில் எண்ணெய்த் துளி, எரியாத பெட்ரோல் ஆவி, தண்ணீர் ஆவி, கொஞ்சம் அமிலம் எல்லாம் கலந்தே வருகின்றன. வாயுவும் ஆவியும் மற்ற ரப்பர்களைவிட சிலிக்கான் வழியாகச் சுலபமாக ஊடுருவும். எண்ணெய் மட்டும் என்றால்கூட ஓரளவு சமாளிக்கும், பெட்ரோல் சேர்ந்தால் ஊறிப் பெருத்து வலு இழக்கும். ஈரோட்டு நண்பர் பார்த்த வியர்வை அதுதான். ஓட்டையே இல்லாமல் சுவர் வழியாகக் கசிகிறது. நான்கு அடுக்குத் துணி வைத்தால் சப்பையாவது குறையும், வியர்ப்பது நிற்காது.

சப்பையாவதற்குக் காரணம் வேக்குவம். ஐடிலில் பெட்ரோல் என்ஜினின் மேனிஃபோல்டில் வெளிக்காற்றைவிட சுமார் 0.6 பார் குறைவாக இருக்கும். ஊறிய சுவர் அந்த இழுப்புக்கு நிற்காது. ஹோஸ் மூடிக்கொண்டால் கிராங்க்கேஸில் அழுத்தம் ஏறி ஆயில் சீல் பக்கம் வழி தேடும். கேட்ச் கேன் போட்டு வால்வைக் காப்பாற்றப் போய் சீலைத் தொலைத்த கதையாகிவிடும்.

ஹீட்டர் ஹோஸ் பக்கமே போகாதீர்கள். அது ஈபிடிஎம் என்கிற ரப்பர் வகை. கூலண்டுக்கு உற்ற தோழன், எண்ணெய்க்கு ஜென்ம விரோதி. சிலிக்கானைவிட மோசமாக வீங்கும்.

என் ஓட்டு பெட்ரோல் ஹோஸுக்கு. ஆனால் மேலே என்ன அச்சிட்டிருக்கிறது என்று பார்த்து வாங்குங்கள். எஸ்ஏஇ ஜே30 ஆர்7 என்ற தரக் குறி இருந்தால் பொதுவாக உள்ளே நைட்ரைல் ரப்பர். இதை பிசிவிக்கும் சேர்த்தேதான் விற்கிறார்கள். ஆர்9 என்றால் உள்சுவர் எஃப்கேஎம், அதாவது விட்டான் வகை ஃப்ளூரோ ரப்பர். விலை அதிகம்தான்.

நீலக்குழாய்:
நைட்ரைலைப் பற்றி முழுக் கதையையும் சொல்லுங்கள் சார். 100 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வைத்தால் அது கல்லாகிவிடும். வளைத்தால் பொடிப்பொடியாக வெடிக்கும். என் பழைய வண்டியில் பெட்ரோல் ஹோஸ் மூன்று வருடத்தில் கிளிப் ஓரமாகவே பிளந்துவிட்டது. வியர்க்கும் ஹோஸா, வெடிக்கும் ஹோஸா? நான் வியர்ப்பதையே எடுத்துக்கொள்வேன். துடைத்துவிட்டுப் போகலாம்.

கலவைக்கூடம்:
நைட்ரைல் இறுகும் என்பது சரி. ஒப்புக்கொள்கிறேன். டர்போவை ஒட்டிப் போகும் வழியாக இருந்தால் நானே ஆர்7 போட மாட்டேன், ஆர்9தான். கேன் பேட்டரிப் பக்கம் இருந்து, ஹோஸ் குளிர்ந்த ஓரமாகப் போனால் ஆர்7 போதும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்றிவிடலாம்.

ஆனால் ‘துடைத்துவிட்டுப் போகலாம்’ என்பதை ஏற்க முடியாது. வியர்ப்பது எண்ணெய் மட்டும் இல்லை, பெட்ரோல் ஆவியும்தான், அதுவும் சூடான டர்போவுக்குப் பக்கத்தில். இப்போது பம்பில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 வேறு. எத்தனாலும் சேர்ந்த கலவைக்கு நைட்ரைலே கொஞ்சம் திணறும், எஃப்கேஎம் நிற்கும். எல்லா சிலிக்கானையும் நான் ஒதுக்கவில்லை. உள்ளே ஃப்ளூரோசிலிக்கான் பூச்சு வைத்தது இருக்கிறது, அது இந்த வேலைக்குத் தாராளமாக ஆகும். குறுக்கே வெட்டினால் உள்ளே மெல்லிய தனி அடுக்கு தெரிய வேண்டும். நான்கு வருடமாக ஓடும் உங்களுடையது அதுவாக இருக்கலாம்.

அடையாறு_ஏஎன்:
எதற்கு இவ்வளவு ரப்பர் ஆராய்ச்சி? பிடிஎஃப்இ, அதாவது டெஃப்லான் ஹோஸ், வெளியே ஸ்டீல் பின்னல், இரண்டு பக்கமும் திருகி மாட்டும் ஏஎன் ஃபிட்டிங். 260 டிகிரி வரை தாங்கும். எண்ணெய், பெட்ரோல், எத்தனால் எதையும் கண்டுகொள்ளாது. ஒருமுறை செலவு, அப்புறம் வண்டியை விற்கும்வரை தொடவே வேண்டாம்.

பழைய_ஸ்பானர்:
அடையாறு தம்பி, கம்பெனி பைப் முனையில் ஏஎன் ஃபிட்டிங் எப்படி ஏறும்? அடாப்டர் தேடி அலைய வேண்டும். பிடிஎஃப்இ இறுக்கி வளைத்தால் மடிந்து உடையும், ஒருமுறை மடிந்த இடம் நேராகாது. அந்த ஸ்டீல் பின்னல் பக்கத்தில் உரசும் வயரையெல்லாம் அரம் மாதிரி அறுக்கும். ஏஎன்6 அளவு போட்டார் ஒருவர், உள்துளை 9 மில்லிமீட்டருக்கும் குறைவு. கம்பெனி குழாய் அதைவிடப் பெரிசு. நெடுஞ்சாலையில் அழுத்திப் போனபோது டிப்ஸ்டிக் மேலே எழும்பி வந்து நின்றது. எந்த ஹோஸ் போட்டாலும் கம்பெனி துளையைவிடச் சின்னதாகப் போடாதீர்கள்.

எல்லோரும் சரக்கைப் பற்றியே பேசுகிறீர்கள். ஈரோட்டுத் தம்பி, உங்கள் ஹோஸ் கேனுக்கு அடியில் தொட்டில் மாதிரி தொங்குகிறதா? அங்கேதானே கெட்டது?

ஈரோடு_டர்போ:
ஆமாம் அண்ணே. ஒரு மீட்டர் கொடுத்தார்களே என்று வெட்டாமல் அப்படியே மாட்டிவிட்டேன். நடுவில் தொங்கும்.

பழைய_ஸ்பானர்:
அதான் பாதி வியாதி. தொங்கும் இடத்தில் எண்ணெயும் தண்ணீரும் தேங்கும். காலையில் பக்கத்துத் தெருவுக்குப் போய்வருகிற வண்டியில் அது மோர் மாதிரி வெள்ளையாக நிற்கும். எந்த ரப்பரையும் எந்நேரமும் அதில் ஊறப் போட்டால் என்ன ஆகும்? என்ஜினிலிருந்து கேனுக்கு ஒரே இறக்கமாக, குட்டையாக வெட்டிப் போடுங்கள். கேனை என்ஜின் பைப்பைவிட உயரத்தில் வைக்காதீர்கள்.

கிளிப்பும் பாருங்கள். ஓட்டை வெட்டிய வார்ம் கிளிப், மெத்து ஹோஸில் பிதுங்கி அறுக்கும். ஸ்பிரிங் கிளிப் போட்டால் ஹோஸ் சுருங்கினாலும் கூடவே இறுகும். இன்னொன்று, டர்போ வண்டி என்பதால் மேனிஃபோல்டு பக்கம் காற்றை ஒரே திசையில் மட்டும் விடும் செக் வால்வு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் டர்போ தள்ளும் பூஸ்ட் காற்று நேராக கிராங்க்கேஸில் இறங்கும். ‘கேனை வெளியே திறந்து விட்டுவிடு, ஹோஸே வேண்டாம்’ என்று எவனாவது சொன்னால் கேட்காதீர்கள். கிராங்க்கேஸ் புகையை வெளியே விடுவது சட்டப்படியே கூடாது.

ஈரோடு_டர்போ:
பத்து நாள் கழித்து வருகிறேன். ஆயில் மாற்றியபோது இறக்கிய எண்ணெயில் ஹீட்டர் ஹோஸ், புதிய சிலிக்கான், ஆர்7, மூன்றிலும் ஒவ்வொரு துண்டு போட்டு மாடியில் சித்திரை வெயிலில் வைத்தேன். இன்று எடுத்தேன். ஹீட்டர் ஹோஸ் கண்ணால் பார்த்தாலே பெருத்திருக்கிறது, நகம் வைத்தால் பள்ளம் விழுகிறது. சிலிக்கான் அளவில் அவ்வளவு மாறவில்லை, ஆனால் விரலால் அமுக்கினால் முன்பைவிட மெத்தென்று இருக்கிறது, துடைத்துவைத்த காகிதத்தில் மறுநாளும் எண்ணெய்க் கறை. ஆர்7 போட்டபடியே இருக்கிறது.

நீலக்குழாய்:
இது நியாயமான சோதனை இல்லை. வண்டியில் ஹோஸ் எண்ணெயில் மூழ்கியா இருக்கிறது? உள்ளே மெல்லிய படலம்தான். அதோடு உங்கள் மாடியில் 110 டிகிரி சூடு இல்லை. சூட்டையும் சேர்த்து வைத்திருந்தால் ஆர்7 இறுகியிருக்கும்.

கலவைக்கூடம்:
இரண்டாவது குறை சரியானது. முதலாவது, தொட்டில் மாதிரி தொங்கவிட்டவருக்குப் பொருந்தாது, அவர் ஹோஸ் மூழ்கித்தான் இருந்தது. சூட்டோடு சோதிக்கிறேன் என்று யாரும் எண்ணெயை அடுப்பில் வைத்துவிடாதீர்கள், தயவுசெய்து.

ஈரோடு_டர்போ:
முடிவாக ஆர்9 வாங்கிவிட்டேன். ஒரு மீட்டரில் 40 சென்டிமீட்டர்தான் தேவைப்பட்டது, மீதி சும்மா கிடக்கிறது. வழியையும் அண்ணன் சொன்னபடி இறக்கமாக மாற்றினேன். செக் வால்வு இருக்கிறது. ஐடிலில் அசையவில்லை. கடைக்காரர், “விட்டான் போட்டால் மாட்டிவிட்டான், மறந்துவிட்டான்” என்றார். அவர் எத்தனை பேரிடம் சொன்ன ஜோக்கோ!

பழைய_ஸ்பானர்:
மறக்காதீர்கள். ஒரு வாரம் ஓட்டிவிட்டு கிளிப்பை ஒருமுறை பாருங்கள். மழைக்காலத்தில் கேனை அடிக்கடி வடியுங்கள், தண்ணீர் அதிகம் சேரும்.

நீலக்குழாய்:
பேச்சுக்குப் பேச்சு வந்துவிட்டது என்று என் ஹோஸின் முனையில் ஒரு விரற்கடை வெட்டிப் பார்த்தேன். உள்ளே தனி அடுக்கு எதுவும் தெரியவில்லை, முழுக்க ஒரே நீலம். வெளியே தொட்டால் லேசாகப் பிசுபிசுப்பு இருக்கிறது. ஆனாலும் சப்பையாகவில்லை. சப்பையாகும்வரை ஓட்டுவேன். ஈரோடு நண்பரே, மீதி 60 சென்டிமீட்டர் ஆர்9 விற்பதாக இருந்தால் மட்டும் சொல்லுங்கள்.